வெட்டி ஒட்டிய தாளம்: மாதங்கி எம்.ஐ.ஏ. ஆன கதை

(பினாங்கு, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நிகழ்ந்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

'லங்கா ராணி' ஒரு கப்பலின் பெயர். 1977இல் இலங்கையில் தமிழர்களுக்கு எதிரான கலவரம் வெடித்தபோது, கொழும்பில் தஞ்சம் புகுந்திருந்தவர்களை ஏற்றிக்கொண்டு அது காங்கேசன்துறைக்குப் போனது. அந்தப் பயணத்தைக் களமாக வைத்து அதே பெயரில் ஒரு நாவல் வந்தது. எழுதியவர் அருளர், முழுப்பெயர் அருட்பிரகாசம், ஈரோஸ் என்ற ஈழப் போராட்ட இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஈழப் போராட்ட எழுத்துகளைப் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. தமிழே அறியாத லட்சக்கணக்கானவர்களுக்கோ இந்தப் பெயர் 2005இல் லண்டனில் வெளியான ஓர் இசைத்தட்டின் உறையில்தான் அறிமுகமானது. தட்டின் பெயரே 'அருளர்'. பாடியவர் அவருடைய மகள்.

மாதங்கி அருட்பிரகாசம். வீட்டுக்கும் நண்பர்களுக்கும் மாயா, மேடையில் எம்.ஐ.ஏ. தொழில், ராப். அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றதும் சங்க இலக்கியத்தையோ திருக்குறளையோ எதிர்பார்த்து வந்தவர்களுக்கு இது கொஞ்சம் இடறலாம். ஆனால் பேசுகிற இடம் அப்படிப்பட்டது. இந்தச் சாலை நீளும் வழியில் 1818இல் எழுந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் இருக்கிறது. குவான் இன் கோயில் இருக்கிறது. குயின் ஸ்திரீட்டில் வாசலும் இந்தப் பக்கம் முதுகுமாக மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது. 1801இல் காதர் மொகிதீன் தலைமையில் தமிழ் முஸ்லிம்கள் நிறுவிய பள்ளிவாசல் இருக்கிறது. பிட் ஸ்திரீட் என்று வழங்கிய காலத்திலிருந்தே பாங்கும் மணியும் நாதஸ்வரமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கேட்கும் தெரு இது.

போதாததற்குப் போரியா வேறு. இந்தியாவிலிருந்து வந்த முஸ்லிம் படைவீரர்களின் முகரம் சடங்கிலிருந்து கிளைத்ததாக ஆய்வாளர்கள் சொல்லும் அந்தக் கலை பினாங்கின் சொந்தச் சொத்து. முன்னால் நிற்பவர் எதுகை வைத்துச் சில வரிகளை எடுத்துவிடுவார். பின்னால் வரிசை கட்டி நிற்பவர்கள் அதைத் திருப்பிப் பாடுவார்கள். ஊர் நடப்பெல்லாம் அதில் கேலிக்கு உள்ளாகும். தாளத்தின்மேல் எதுகையை அடுக்கி ஊர் நியாயம் பேசுவது 1970களில் நியூயார்க்கின் பிராங்ஸில்தான் பிறந்தது என்று பினாங்குக்காரர்களிடம் சொல்லிவிட்டு யாரும் தப்பிக்க முடியாது.

ராப் பாடகர்களின் வாழ்க்கைக் கதைகளுக்கென்று ஒரு வார்ப்பு உண்டு. ஏழைக் குடியிருப்பு, பிறவித் திறமை, அதைக் கண்டுகொண்ட ஒரு தயாரிப்பாளர், பிறகு புகழ். மாயாவின் கதையில் ஏழைக் குடியிருப்பு இருக்கிறது. கண்டுகொண்டவர்களும் இருக்கிறார்கள். பிறவித் திறமைதான் இல்லை. வாத்தியம் எதுவும் வாசிக்கக் கற்றவர் அல்லர். குரல் பயிற்சி கிடையாது. இருபத்தைந்து வயது வரை படம் வரைந்துகொண்டும் படம் பிடித்துக்கொண்டும் இருந்தவர். அந்த ஓவியக் கையோடுதான் அவர் பாட்டுக்குள் நுழைந்தார். அவருடைய பாட்டுகள் ஏன் அப்படி ஒலிக்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது.

1975 ஜூலை 18 அன்று மேற்கு லண்டனின் ஹவுன்ஸ்லோவில் பிறந்தார். ஆறு மாதக் குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பியது. தந்தை இயக்க வேலையில் மூழ்கிவிட்டார். எப்போதாவது வருவார், போவார். வருகிறவர் தகப்பன் என்று பிள்ளைகளுக்குச் சொல்லப்படவில்லை. உறவுக்காரர் ஒருவர் என்றே அறிமுகம். தேடி வரும் படையினரிடம் குழந்தை வாய் தவறி எதையாவது சொல்லிவிட்டால் என்ன ஆவது? தாய் கலா மூன்று பிள்ளைகளையும் கிட்டத்தட்டத் தனியாளாகவே வளர்த்தார்.

இடையில் சில காலம் சென்னையில், பாழடைந்த ஒரு வீட்டில். கையில் காசில்லாத வாழ்க்கை. மீண்டும் யாழ்ப்பாணம். திருக்குடும்பக் கன்னியர் மடத்தில் படித்தார். வரைவதில் கை பழகியது அங்கேதான். உள்நாட்டுப் போர் தொடங்கிய 1983க்குப் பிறகு வடக்கில் பள்ளிக்கூடம் என்பதே நிச்சயமில்லாத ஒன்று. போர் நெருங்க நெருங்க, கலா பிள்ளைகளை அழைத்துக்கொண்டு 1986இல் லண்டன் போய்ச் சேர்ந்தார். மாயாவின் பதினோராவது பிறந்தநாளுக்கு அப்போது ஒரு வாரம் இருந்தது. பிறந்த ஊருக்கே அகதியாக வந்து இறங்கினார்.

தென் லண்டனில் மிச்சம் என்ற பகுதி. அங்கே ஃபிப்ஸ் பிரிட்ஜ் என்ற அரசுக் குடியிருப்பில் வீடு கிடைத்தது. ஆசியக் குடும்பங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இனவெறிப் பேச்சு வாசல்வரை வந்து போகும். கலாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆங்கிலம் தெரியாத பெண்ணுக்குக் கிடைக்கக்கூடிய கைவேலை எது என்று தேடியபோது தையல் அகப்பட்டது. சாதாரணத் தையல் இல்லை. பிரிட்டிஷ் அரசு ஆண்டுதோறும் வழங்கும் விருதுப் பதக்கங்களுக்குக் கையால் தைத்துக் கொடுக்கும் வேலை. மாயாவின் உறவினர் ஒருவரும் கூடச் சேர்ந்துகொண்டார். முப்பத்திரண்டு ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான பதக்கங்கள் அந்தக் கைகள் வழியாகப் போயின. 2019இல் மாயாவுக்கே எம்.பி.இ. விருது அறிவிக்கப்பட்டது, இந்தச் செய்தியை வெளியே சொன்னதும் அப்போதுதான். அரசாங்கத்தைத் திட்டுவதற்கு வாய்ப்புக் கிடைத்தால் விடாத ஒருவர் அரச விருதை எப்படி வாங்கலாம் என்று கேட்டவர்களுக்கு, அம்மாவின் உழைப்புக்கு மரியாதையாக வாங்குகிறேன் என்றார். அதற்குமேல் விவாதிக்க யாருக்கும் வழி இருக்கவில்லை.

சிறுமிக்கும் ஆங்கிலம் அரைகுறைதான். வீட்டில் ஒரு ரேடியோ இருந்தது; அதையும் யாரோ திருடிக்கொண்டு போனார்கள். பக்கத்து வீட்டிலிருந்து சுவரைத் தாண்டி வரும் சத்தத்தைக் கேட்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான் என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அமெரிக்காவின் பப்ளிக் எனிமி, லண்டனின் லண்டன் பாஸி என்று ஹிப் ஹாப் குழுக்கள். அவர்களுடைய மொழி முழுதாகப் புரியாத பிள்ளைக்கும் தாளமும் கோபமும் புரிந்தன. அதற்கு முன்பு அவருக்குத் தெரிந்த இசை என்பது தமிழ்ப் படப் பாட்டும், கோயில் மேளமும், வீட்டு விசேஷங்களில் அம்மா ஆடவைத்த 'டிஸ்கோ டான்சர்' படப் பாட்டும்தான். 1982இல் வந்த அந்தப் பப்பி லஹிரி பாட்டு இருபத்தைந்து ஆண்டு கழித்து மாயாவின் இரண்டாவது தட்டில் 'ஜிம்மி' என்ற பெயரில் வந்து நின்றது.

கலைக் கல்லூரிக் கதை சுவையானது. லண்டனின் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் பிரிட்டனின் புகழ்பெற்ற கலைக் கல்லூரிகளில் ஒன்று. முறையான விண்ணப்ப வழியில் போகாமல், விடாப்பிடியாக நின்று இடம் வாங்கினார் மாயா. நுண்கலை, திரைப்படம், காணொளி ஆகியவற்றில் 2000இல் பட்டம். கல்லூரியில் அவரோடு படித்தவர் ஸ்டீவ் லவ்ரிட்ஜ். மாயா எடுத்துக் குவித்து வைத்திருந்த பழைய காணொளிகளை வைத்துப் பல ஆண்டு கழித்து அவர் ஆவணப்படம் ஒன்று செய்தார். 2018இல் சன்டான்ஸ் விழாவில் சிறப்பு நடுவர் விருது அதற்குக் கிடைத்தது. அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: இந்தப் பெண் பாடகியாகும் எண்ணத்தில் வளர்ந்தவர் இல்லை. கேமராவை யார்மீது திருப்புவது என்று தேடிக்கொண்டிருந்தவர். 2001இல் இலங்கைக்குப் போய், போரின் நடுவில் வாழும் சொந்தக்காரர்களைப் படம் பிடித்தார். நினைத்த படம் கைகூடவில்லை. கொண்டுவந்த காட்சிகளும் நிழற்படங்களும் வேறு உருவம் எடுத்தன.

அட்டையில் உருவத்தை வெட்டி, அதை வைத்து வண்ணத்தைத் தெளித்து எடுக்கும் ஸ்டென்சில் முறைக்குத் தூரிகைத் திறமை அவசியமில்லை. எதை வெட்டுவது, எதை எதன்மேல் அடிப்பது என்ற தேர்வில்தான் கலை இருக்கிறது. மாயாவின் ஸ்டென்சில்களில் புலிகள், பனைகள், துப்பாக்கி ஏந்திய இளைஞர்கள், எறிகுண்டுகள் எல்லாம் கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்பிலும் பச்சையிலும் வந்தன. 2001இல் லண்டனின் போர்ட்டபெல்லோவில் ஒரு கடையில் கண்காட்சி வைத்தார். வாங்கியவர்களில் நடிகர் ஜூட் லாவும் ஒருவர். அந்த ஓவியங்கள் சிறு புத்தகமாகவும் வந்தன. போரின் அடையாளங்களைப் பளபளப்பான வண்ணத்தில் அடிப்பது சரியா என்ற கேள்வியும் அன்றே பிறந்துவிட்டது. அந்தக் கேள்விக்குச் சற்று நேரத்தில் வருவோம்.

எலாஸ்டிகா என்ற ராக் குழுவின் தலைவி ஜஸ்டின் ஃபிரிஷ்மன் மாயாவின் தோழி. 2000இல் வந்த அந்தக் குழுவின் 'தி மெனஸ்' தட்டுக்கு உறை ஓவியம் மாயாவுடையது. குழுவின் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தைக் காணொளியாகப் பதிவு செய்யவும் அவரே போனார். அந்தப் பயணத்தில் முன்னணி நிகழ்ச்சிக்கு முன்பாகப் பாடிக்கொண்டிருந்தவர் பீச்சஸ் என்ற கனடாப் பாடகி. மேடையில் குழு கிடையாது. ஒரு பெண்ணும் ஒரு பெட்டியும் மட்டும். பெட்டி, ரோலண்ட் நிறுவனத்தின் எம்சி-505.

அந்தப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். 1998இல் சந்தைக்கு வந்தது. உள்ளே தாளக் கருவிகளின் ஒலிகள், சிந்தசைசர் ஒலிகள், அவற்றை வரிசைப்படுத்தி நினைவில் வைத்துக்கொள்ளும் சீக்குவன்சர் எல்லாம் ஒன்றாக அடங்கியிருக்கும். ஒரு பொத்தானைத் தட்டினால் பேஸ் டிரம். இன்னொன்றைத் தட்டினால் கைத்தட்டல். நான்கு தட்டு தட்டினால் பெட்டி அதைச் சுற்றிச் சுற்றி வாசிக்கும். அதன்மேல் அடுத்த அடுக்கைப் போடலாம், பிடிக்காவிட்டால் அழிக்கலாம். ஸ்வரம் தெரிய வேண்டாம், விரல் பழக வேண்டாம். கேட்டுப் பொறுக்கவும் வெட்டவும் அடுக்கவும் தெரிந்தால் போதும். ஸ்டென்சில்காரிக்கு இதைவிட இணக்கமான வாத்தியம் உலகத்தில் இல்லை. நீயும் செய்து பார் என்று பீச்சஸ் ஊக்கினார். லண்டன் திரும்பியதும் ஃபிரிஷ்மனிடமிருந்த 505ஐ இரவல் வாங்கிக்கொண்டார் மாயா.

கரீபியனில் பெக்கியா என்ற சிறு தீவுக்கு ஃபிரிஷ்மனோடு விடுமுறைக்குப் போனபோது நடந்ததாக அவர் சொல்லும் ஒரு சம்பவம். இரவில் கோழிக் கொட்டகை போன்ற ஓரிடத்தில் பெரிய ஸ்பீக்கர் வைத்து ஆடுவார்கள், மாயாவும் ஆடினார். மறுநாள் தேவாலயத்துக்கு வரச் சொல்லி அழைத்தார்கள். அங்கே எல்லோரும் பாடிக் கைதட்ட, இவருடைய தட்டு மட்டும் தாளம் தப்பித் தப்பி விழுந்தது. நேற்று ராத்திரி நன்றாகத்தானே ஆடினாய் என்று கேட்டுவிட்டு, ஆராதனையை நிறுத்தி, சரியாகக் கைதட்டச் சொல்லிக்கொடுத்தார்களாம். பிற்காலத்தில் உலகத்தையே ஆடவைத்தவருக்குத் தாளப் பாடம் அப்படித் தொடங்கியது.

லண்டன் திரும்பிய பிறகு கையில் இருந்தவை: இரவல் 505, பழைய நான்கு தட கேசட் ரெக்கார்டர், ஒரு மைக். இவற்றை வைத்து ஆறு பாட்டுகளைப் பதிந்தார். மற்றவர்களைப் பாடவைக்கும் எண்ணமும் முதலில் இருந்தது. கடைசியில் தானே பாடினார். 'கலாங்' அந்த நாடாவிலிருந்து வந்தது. ஃபிரிஷ்மன், ராஸ் ஆர்டன், பல்ப் குழுவின் ஸ்டீவ் மேக்கி ஆகியோர் அதைச் செப்பனிட உதவினார்கள். 2003இல் ஷோபிஸ் என்ற சிறு நிறுவனம் 500 வினைல் தட்டுகளை மட்டும் அச்சிட்டது. அந்த 500இல் சில, கிளப்களில் தட்டு சுழற்றும் டிஜேக்களின் கையில் விழுந்தன. பாட்டு இணையத்திலும் பரவியது. ரேடியோவில் வருவதற்கு முன்பே நடன அரங்குகளில் அதற்கு ரசிகர் இருந்தார்கள். எக்ஸ்எல் நிறுவனம் தேடி வந்து ஒப்பந்தம் போட்டது.

2004இல் 'சன்ஷவர்ஸ்'. ராஜேஷ் டச்ரிவர் இயக்க, தென்னிந்தியக் காட்டுப் பகுதியில் படமாக்கப்பட்ட காணொளி. பாட்டில் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் பெயர் வந்தது எம்டிவிக்குப் பிடிக்கவில்லை. அதே ஆண்டு இறுதியில் அமெரிக்க டிஜே டிப்ளோவோடு சேர்ந்து ஒரு கலவைத் தொகுப்பைச் செய்தார். மாயாவின் குரல், பிறருடைய தாளங்கள். அனுமதி வாங்காமல் வெட்டி ஒட்டியது என்பதால் கடைகளுக்குப் போகாமல் கைமாறிக் கைமாறிப் பரவியது. தலைப்பிலேயே களவு நகல் வியாபாரத்தைக் கிண்டல் செய்திருந்தார். பெட்டாலிங் ஸ்திரீட்டிலும் சௌராஸ்தா பசாரிலும் கேசட் வாங்கி வளர்ந்த மலேசியத் தலைமுறைக்கு அந்தக் கிண்டல் உடனே புரியும்.

2005 மார்ச்சில் 'அருளர்' வெளியானது. பெயர் வைத்ததற்கு அவர் சொன்ன காரணம்: தொடர்பில் இல்லாத தந்தை இணையத்தில் தன் பெயரைத் தேடினால் மகளின் தட்டு கண்ணில் படட்டும். பட்டது. தலைப்பை மாற்றச் சொல்லித் தந்தையிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. மகள் மாற்றவில்லை. அந்த ஆண்டு பிரிட்டனின் மெர்க்குரி விருதுப் பட்டியலில் தட்டு இடம்பெற்றது.

இப்போது அந்தக் கேள்வி. விடுதலைப் புலிகளை நினைவூட்டும் புலி ஸ்டென்சில், துப்பாக்கி, இயக்கக்காரரின் மகள் என்ற பின்னணி எல்லாம் சேர்ந்து, மாயா பயங்கரவாதத்துக்குப் பாட்டுப் பாடுகிறார் என்று ஒரு தரப்பு சொன்னது. போரை அலங்காரமாக்கி விற்கிறார் என்று மறு தரப்பு சொன்னது. 2010இல் நியூயார்க் டைம்ஸ் இதழின் நீண்ட கட்டுரை ஒன்று, ட்ரஃபிள் எண்ணெய் விட்ட உருளைக்கிழங்கு வறுவலைத் தின்றுகொண்டே புரட்சி பேசுகிறவர் என்பதுபோல் அவரைச் சித்திரித்தது. அந்த வறுவலை வரவழைக்கச் சொன்னது கட்டுரையாளர்தான் என்று காட்டும் ஒலிப்பதிவை மாயா வெளியிட்டார். கோபத்தில் கட்டுரையாளரின் தொலைபேசி எண்ணையும் பொதுவில் போட்டார்; அது தவறு. ஆனால் கேள்வி வறுவலைப் பற்றியதல்ல. அவருடைய அரசியல் வரிகள் பல நேரம் முழக்கமாக நின்றுவிடுகின்றன, ஒரு நிலைப்பாடாக விரிவதில்லை. 'லங்கா ராணி'யில் தந்தைக்கு இருந்த பொறுமை மகளின் பாட்டில் இல்லை என்று சொன்னால் அது பழியாகாது. அதே நேரம், குண்டுச் சத்தத்தைப் பதினொரு வயதுக்குள் கேட்டு முடித்த ஒருவர் தன் பாட்டில் அந்தச் சத்தத்தை வைப்பதை அலங்காரம் என்று லண்டனிலிருந்தோ நியூயார்க்கிலிருந்தோ தீர்ப்பெழுதுவதற்கு நிறையத் துணிச்சல் வேண்டும்.

மலேசியாவில் தமிழ் ராப் இதற்குள் தன் வழியில் வெகுதூரம் வந்துவிட்டிருந்தது. கோலாலம்பூரின் பொயட்டிக் அம்மோ குழு 1998இல் முதல் தட்டை வெளியிட்டது. ஆங்கிலம், மலாய், தமிழ், கண்டனீஸ் என்று நான்கு மொழியில் ராப் செய்தார்கள். அந்தக் குழுவின் யோகி பி பிறகு டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோரோடு சேர்ந்து நட்சத்திரா என்ற பெயரில் 2006இல் 'வல்லவன்' கொண்டுவந்தார். 1980இன் 'நிழல்கள்' படத்தில் இளையராஜா இசையில் வாலி எழுதி எஸ்.பி.பி. பாடிய 'மடை திறந்து' பாட்டின்மேல் அவர்கள் எழுப்பிய ராப், கடல் கடந்து சென்னைக்குப் போனது. 2007இல் 'பொல்லாதவன்' படத்தில் யோகி பியின் குரல். மாயாவின் வழி இதற்கு நேர் எதிர். யோகி பி உலக வடிவம் ஒன்றை எடுத்துத் தமிழுக்குள் கொண்டுவந்தார். அதனால் தமிழர்கள் அவரைத் தம்மவராக உடனே ஏற்றார்கள். மாயா ஆங்கிலத்தில் பாடினார். தமிழ் அவருடைய பாட்டில் சொல்லாக அதிகம் வருவதில்லை, மேளமாக வருகிறது. தமிழ் மேடைகளில் அவர் பெயர் அபூர்வமாகவே ஒலிப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அந்த மேளம் வந்தது ஒரு கதவு அடைபட்டதால். இரண்டாவது தட்டை அமெரிக்காவில் டிம்பலாண்ட் போன்ற பெரிய தயாரிப்பாளர்களோடு செய்வதாகத் திட்டம். 2006இல் அமெரிக்கா விசா கொடுக்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா என்று புறப்பட்டார். ஸ்விட்ச் என்ற பிரிட்டிஷ் தயாரிப்பாளர் உடன் வேலை செய்தார். டிம்பலாண்டின் ஸ்டுடியோவில் முடிந்திருந்தால் அது அந்தக் காலத்து நல்ல அமெரிக்க நடனத் தட்டுகளில் ஒன்றாக இருந்திருக்கும், அவ்வளவுதான். விசா அதிகாரிகள் இசைக்குச் செய்த தொண்டு கணக்கில் வருவதில்லை.

சென்னையில் ஏ.ஆர். ரகுமான் தன் ஸ்டுடியோவைப் பயன்படுத்திக்கொள்ள விட்டார். இருபதுக்கும் மேற்பட்ட தாளக் கலைஞர்களை உட்காரவைத்துப் பதிவு நடந்தது. 'பேர்ட் ஃப்ளூ' பாட்டைப் பினாங்குக்காரர் யாராவது முதல்முறை கேட்டால் ஐந்தாவது விநாடியில் நிமிர்ந்து உட்காருவார். உறுமி. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் வழியெல்லாம் காவடிக்கு முன்னால் அதிர்கிற அதே உறுமி மேளம். வளைந்த குச்சியால் தோலை இழுத்துத் தேய்க்கும்போது எழும் அந்த உறுமலை லண்டன் நடன அரங்குகள் அதற்குமுன் கேட்டிருக்கவில்லை. 2003இல் வந்த 'ஜெயம்' படப் பாட்டின் துண்டு ஒன்றும் அந்தப் பாட்டில் இருக்கிறது. தட்டின் முதல் பாட்டான 'பேம்பூ பாங்கா'வில் 'தளபதி'யின் 'காட்டுக்குயிலு' துண்டு. பக்கத்திலேயே ஆஸ்திரேலியப் பழங்குடிச் சிறுவர்களின் ராப், லண்டன்வாழ் நைஜீரிய இளைஞர் ஒருவரின் ராப். எல்லாம் ஸ்டென்சில் வேலைதான்: ஓர் ஊரின் உருவத்தை வெட்டி இன்னோர் ஊரின் வண்ணத்தின்மேல் அடிப்பது.

மலேசியத் தமிழர்களுக்கு உறுமி வெறும் மேளமில்லை. இளைஞர் குழுக்கள் சீருடை போட்டு, பேனர் வைத்து, போட்டி போட்டு வாசிக்கிறார்கள். படித்தவர்களில் சிலர் அதைக் கூச்சல் என்று முகம் சுளிப்பதும், கோயில் ஊர்வலங்களில் அதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று அவ்வப்போது குரல் எழுவதும் இந்த ஊரில் எல்லோரும் அறிந்தது. இங்கே சுளிக்கப்படும் அந்தச் சத்தத்தை வைத்து அங்கே ஒரு தட்டு எழுந்தது. தட்டுக்கு அம்மாவின் பெயர்: 'கலா'. 2007இன் தலைசிறந்த தட்டு என்று ரோலிங் ஸ்டோன் இதழ் அதை முதலிடத்தில் வைத்தது.

அதில் பதினோராவதாக ஒரு பாட்டு. டிப்ளோவோடு சேர்ந்து செய்தது. தி கிளாஷ் குழு 1982இல் குடியேறிகளைப் பற்றிப் பாடிய ஒரு பாட்டின் கிட்டார் இழைதான் அடித்தளம். பல்லவியில் சிறுவர் குரல்கள், துப்பாக்கி வெடிக்கும் சத்தம், கல்லாப் பெட்டி திறக்கும் சத்தம். 'பேப்பர் பிளேன்ஸ்'. புலம்பெயர்ந்தவன் எல்லாம் பணம் பறிக்க வந்தவன் என்று விசா அலுவலகங்கள் நினைப்பதைக் கேலி செய்யும் பாட்டு அது. கேலியைக் கவனிக்காமல் துப்பாக்கிச் சத்தத்தை மட்டும் கேட்டவர்கள் நிறைய. அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் அந்தச் சத்தத்தை மழுக்கிவிட்டார்கள். பாட்டு வந்து ஏறக்குறைய ஓராண்டு வரை அது விமர்சகர்களின் பாட்டாகவே இருந்தது. 2008இல் 'பைனாப்பிள் எக்ஸ்பிரஸ்' என்ற ஹாலிவுட் நகைச்சுவைப் படத்தின் முன்னோட்டத்தில் இடம்பெற்றதும் நிலைமை தலைகீழானது. பில்போர்டின் 100 பாட்டுப் பட்டியலில் நான்காம் இடம் வரை ஏறியது. ஆண்டு இறுதியில் 'ஸ்லம்டாக் மில்லியனர்' வந்தது. அதிலும் அந்தப் பாட்டு இருந்தது. அதே படத்துக்காக ரகுமானோடு சேர்ந்து 'ஓ சாயா'வும் செய்திருந்தார்.

2009 பிப்ரவரி மாதம் அவருக்கு எப்படிப் போனது என்பதைத் தேதி வாரியாகவே சொல்லலாம். எட்டாம் தேதி லாஸ் ஏஞ்சலிஸில் கிராமி விழா. ஆண்டின் சிறந்த பதிவுக்கான போட்டியில் 'பேப்பர் பிளேன்ஸ்'. மேடையில் ஜே-ஸி, கான்யே வெஸ்ட், லில் வெய்ன், டி.ஐ. ஆகிய நான்கு பேரும் கோட்டுச் சூட்டில். நடுவில், பிரசவத்துக்கு மருத்துவர் குறித்துக் கொடுத்த நாளிலேயே, வயிற்றைத் தள்ளிக்கொண்டு மாயா. அவர்கள் பாடிய பாட்டே 'பேப்பர் பிளேன்ஸ்' வரி ஒன்றை வெட்டியெடுத்துச் செய்ததுதான்; வெட்டி ஒட்டிப் பிழைத்தவரின் குரலை இப்போது அமெரிக்க ராப்பின் முதலாளிகள் வெட்டி ஒட்டினார்கள். விருது வேறொருவருக்குப் போனது. பதினோராம் தேதி மகன் பிறந்தான். 22ஆம் தேதி ஆஸ்கர்: 'ஓ சாயா' சிறந்த பாட்டுக்கான பட்டியலில் இருந்தது, 'ஜெய் ஹோ' வென்றது. ரகுமானிடம் ரகுமான் தோற்ற ஆட்டம் அது. ஏப்ரல் இறுதியில் டைம் இதழின் செல்வாக்குள்ள 100 பேர் பட்டியலில் மாயாவின் பெயர் வந்தது.

அதே மாதங்களில் முல்லைத்தீவில் அரசு 'பாதுகாப்பு வலயம்' என்று அறிவித்த கடற்கரைத் துண்டுக்குள் மக்கள் நெருக்கித் தள்ளப்பட்டுக்கொண்டிருந்தார்கள். ஜனவரியில் பிபிஎஸ் தொலைக்காட்சியின் டாவிஸ் ஸ்மைலி நிகழ்ச்சிக்கு அழைத்திருந்தார்கள். அழைத்தது பாட்டுக்காக. அவர் பேசியது அங்கே, வன்னியில், சிக்கியிருந்தவர்களைப் பற்றி.